நாலேகாலுக்கே இருட்டிய மலை

சின்னண்ணிக்கு அந்தக் குடும்பத்தில் 'காலண்டர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்த புண்ணியவதி அவளுடைய நாத்தனார். குடும்பத்தோடு எங்கேயாவது போகலாம் என்று பேச்செடுத்தால், எவ்வளவு தூரம், யார் யார் வருகிறார்கள், சாப்பாடு கட்டுவதா வாங்குவதா என்று மற்றவர்கள் கேட்பார்கள். சின்னண்ணி கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க சூரியன் எத்தனை மணிக்கு மறையுது?"

"சூரியன் வந்தா ஒரு கையெழுத்து, போனா ஒரு கையெழுத்துன்னு வாங்கி வைக்கிற உத்தியோகம் எங்க சின்னண்ணிக்கு" என்பாள் நாத்தனார். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னண்ணியும் சிரித்து வைப்பாள். சிரிப்பது சுலபம், காரணம் சொல்வதுதான் கஷ்டம்.

அந்தக் காரணம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். அவள் கணவர்தான் அது.

அவர் டைல்ஸ் போடுகிறவர். பகலில் ஒரு நூலளவு கோணல் இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். பொழுது சாய்ந்தால் அதே மனிதருக்கு எதிரில் நிற்பது கதவா ஆளா என்று தெரியாது. மாலைக்கண். சின்ன வயதில் இல்லை, இருபத்தைந்துக்கு மேல் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் வீட்டு வாசல்படியிலேயே தடுக்கி விழுந்தபோது, அவள்தான் விடாப்பிடியாகக் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இதற்குக் கண்ணாடியும் கிடையாது மருந்தும் கிடையாது, பகல் பார்வைக்கு இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார் மருத்துவர்.

"இது வழிவழியா வர்ற விஷயம். வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் இல்லை டாக்டர். எங்க அண்ணன் டிரில் மாஸ்டர்" என்றார் அவர். டிரில் மாஸ்டர்களுக்கு இந்த மாதிரியெல்லாம் வரக் கூடாது என்று எங்கேயோ சட்டம் போட்டிருப்பது போல.

மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். முக்கியமா அண்ணனுக்குத் தெரியவே கூடாது. சின்ன வயசுல நான் கல்லு தடுக்கி விழுந்தா, ஒரு வாரத்துக்கு என்னை மாதிரியே நொண்டி நடந்து காட்டுவாரு. இது தெரிஞ்சா ஆயுசுக்கும் விடமாட்டாரு." சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

அது நடந்து ஒன்பது வருஷமாகிறது. ஒன்பது வருஷமாக அந்த ரகசியத்தை மறைக்கும் வேலை அவள் தலையில்தான் விடிந்தது. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் சரியாக ஐந்தரைக்கு அவளுக்குத் தலைவலி வரும். சினிமாவுக்குப் போனால் விளக்கு அணைவதற்கு இருபது நிமிஷம் முன்பே போய் உட்கார்ந்துவிடுவார்கள். தெரு விளக்கில்லாத தெருவில் இருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். அவரை யாரும் குறை சொல்வதில்லை. "பாவம் அவரு, என்ன பண்ணுவாரு? அவ அப்படி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா" என்றுதான் பேச்சு. அவள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். வாயைத் திறக்க முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் நாத்தனார் மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தாள். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்கு ஏழாம் நாள் மலையேற ஆசை. பெரியண்ணன், அதாவது அந்த டிரில் மாஸ்டர், மலையடிவாரத்து ஊரில்தான் குடியிருக்கிறார். பெரியண்ணி அதே ஊர் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது புறப்பட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் பேனாவில் இருக்கிறது. "ரெண்டு அண்ணிங்களும் சேர்ந்து நேரத்தைப் போட்டுக் கொடுங்க. நான் வாயே திறக்கலை" என்று நாத்தனார் பொறுப்பைக் கைகழுவிவிட்டாள்.

சின்னண்ணி அன்றைக்கே பெரியண்ணியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அங்க சூரியன் எத்தனை மணிக்கு மறையுது?"

மறுமுனையில் பெரியண்ணி மனக்கணக்குப் போடுவதுபோல் "ம்ம்" என்று இழுத்தாள். பிறகு பெரியண்ணி சொன்னாள்: "அஞ்சரை. மலை மேற்கால நிக்குதில்ல, இங்க சீக்கிரமே இருட்டிடும். காலையில ஆறு அம்பதுக்கு முன்னால வெளிச்சத்தை எதிர்பார்க்காதே."

டெப்போவில் உட்கார்ந்திருப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்னண்ணி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவள் ஒரு தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பதினாலு வருஷமாகத் துணி வெட்டுகிற கை. எந்த அளவு வந்தாலும் தையலுக்கென்று ஓர் அங்குலம் விட்டுத்தான் கத்தரியை வைப்பாள். விட்டால் பிரித்துக்கொள்ளலாம், விடாமல் வெட்டினால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பழக்கம் பொழுதுக்கும் வந்துவிட்டது. அஞ்சரையிலிருந்து முக்கால் மணி நேரத்தை வெட்டினாள். காட்டுக்குள் மர நிழல் வேறு இருக்குமே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். 'நாலே முக்காலுக்கு இருட்டிவிடும். காலை ஏழு இருபதுக்கு முன்னால் நடக்க முடியாது' என்று குடும்பக் குழுவில் அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் பெரியண்ணியிடமிருந்து பதில் வந்தது. 'நாலேகாலுக்கு எல்லாரும் வேனில் இருக்கணும். காலையில ஏழரைக்கு நடக்க ஆரம்பிக்கலாம்.'

"சூரியன் எழுந்து, பல் தேய்ச்சு, காபி குடிச்சு, பேப்பர் படிச்சு முடிச்சப்புறம்தான் நாம நடக்கணுமா?" என்று நாத்தனார் கேட்டாள். "மேல நின்னு சூரியன் மறையறதைப் பார்க்கத்தானே நான் மலைக்கே வர்றேன்!"

பெரியண்ணி தனக்கு ஒத்துப்பாடியது சின்னண்ணிக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. கிண்டலோ என்றுகூட ஒரு சந்தேகம்.

மலையேறுவதற்கு முந்தின நாள் நடுப்பகலிலேயே பெரியண்ணன் வீட்டில் போய் இறங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் சின்னண்ணிக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாசல், கூடம், மாடிப்படி, கழிப்பறைக்குப் போகும் வழி என்று ஒரு மூலை விடாமல் விளக்கு எரிந்தது. கணவர் யார் தயவும் இல்லாமல் சகஜமாக நடமாடினார். பெரியண்ணிக்குக் கைதான் எவ்வளவு தாராளம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் போட்ட கணக்கில் முதல் ஓட்டையை வேன்காரர் போட்டார். ஏழரைக்கு வரவேண்டியவர் எட்டே முக்காலுக்கு வந்து, டயரைக் காட்டிச் சிரித்தார். அடுத்த ஓட்டை நாத்தனாருடையது. நாலு வருஷமாகப் பெட்டிக்குள் தூங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாதி மலையில் அதன் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கைக்குட்டையால் கட்டினார்கள். அது கழன்றது. அவள் பையின் வாரையே அறுத்துக் கட்டினார்கள். இத்தனைக்கும் நடுவில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, கொண்டு வந்ததைச் சாப்பிட்டு எழுந்தபோது மணி இரண்டே முக்கால். காலையில் பயந்து பயந்து தள்ளிப்போட்ட நேரமெல்லாம் இப்போது சாயங்காலத்தின் கழுத்தைப் பிடித்தது. விடிந்து வெகுநேரம் கழித்துக் கிளம்பி, இருட்டுவதற்கு வெகுநேரம் முன்னால் திரும்புவதென்றால், நடுவில் நடக்கப் பொழுது எங்கே இருக்கும்? இது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

சின்னண்ணி மேற்கே திரும்பிக் கையை நீட்டினாள். விரல்களைப் படுக்கவைத்து, சூரியனுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். முன்பு கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்த மலையேறி ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை இது. கையை நன்றாக நீட்டிப் பிடித்தால் ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். சூரியனுக்கும் எதிரில் இருந்த மலை முகட்டுக்கும் நடுவில் ஆறு விரல் இருந்தது. ஒன்றரை மணி நேரம். அப்படியென்றால் நாலேகால்.

இறங்கவே இரண்டரை மணி நேரம் ஆகும். பாதி வழியில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக, கைப்பிடிக்குக் கயிறு கட்டிய ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ஏறும்போதே அதைக் கண்ணில் குறித்து வைத்திருந்தாள். இருட்டுவதற்குள் அதைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் அவர் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே குருடராக நிற்க வேண்டியிருக்கும்.

"கிளம்புங்க, கிளம்புங்க" என்றாள்.

"கிளம்பலாம், கிளம்பலாம்" என்றாள் பெரியண்ணியும், இன்னும் அவசரமாக.

நாலேகாலுக்குச் சூரியன், சொல்லி வைத்ததுபோல், முகட்டுக்குப் பின்னால் போனது. பாதை முழுக்க நிழல் விழுந்தது. மரங்கள் நெருங்கின இடத்தில் அவள் கணவரின் நடை மாறியது. காலை முன்னால் வைத்துப் பார்த்து, பிறகுதான் ஊன்றினார். அவள் அவருக்கு முன்னால் போய்த் தன் பையின் வாரைப் பின்பக்கம் நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குக் களைப்பாக இருக்கிறார் என்று தோன்றும். அவள் உதடு அசையாமல் முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"படி. இன்னொரு படி. கல்லு. இடப்பக்கம் வேர்."

ஒன்பது வருஷத்துப் பழக்கம். அவர்களுக்குள் மட்டும் ஓடும் பேச்சு.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து அதே மாதிரி ஒரு முணுமுணுப்பு கேட்டது. பெரியண்ணியின் குரல். "படி. கல்லு. கல்லு. இடப்பக்கம்." சின்னண்ணிக்குச் சுருக்கென்றது. கிண்டல்! தன்னைப் போலவே பேசிக் காட்டுகிறாள். கட்டிய மனைவி கணவனுக்கு வழி சொன்னால் அதுகூட இந்தக் குடும்பத்துக்குச் சிரிப்பாக இருக்கிறது. அண்ணன் நொண்டிக் காட்டுவார், அண்ணி முணுமுணுத்துக் காட்டுவாள், நல்ல ஜோடி. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, பார்த்தால் ஒரு வேர் தப்பிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

அவள் கண்ணெல்லாம் பாதையில் இருந்தது, பாதையை விட்டால் கைக்கடிகாரத்தில். நாலரை. நாலு முப்பத்தெட்டு. நாலே முக்காலுக்கு இருட்டிவிடும் என்று அவளே எழுதி அனுப்பியிருக்கிறாளே, அப்புறம் என்ன? அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தலையை நிமிர்த்தி மேலே பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

கயிறு கட்டிய பாதை தொடங்கும் இடத்துக்கு வந்தபோது மணி நாலு ஐம்பது. முன்னால் போய்க்கொண்டிருந்த நாத்தனார் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"அண்ணி, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போலாம். கால் கடுக்குது."

"உட்காரவெல்லாம் நேரமில்லை. எழுந்திரு."

"ஒரு போட்டோவாவது..."

"எழுந்திருன்னு சொல்றேன்ல!"

நாத்தனார் முகம் சுருங்கியது. இத்தனை வருஷம் சிரித்துச் சிரித்துச் சொன்னதை இப்போது சிரிக்காமல் சொன்னாள். "என்னை விடுங்க அண்ணி. அண்ணனைப் பாருங்க, மாட்டைப் பிடிச்சுக்கிட்டு போற மாதிரி வாரைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போறீங்க. ஒரு நாளாவது அவரை அவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கீங்களா? ஆறு மணியானா வீடு, ஆறு மணியானா வீடு. உங்களைக் கட்டிக்கிட்டு அவர் என்ன சுகத்தைக் கண்டாரு?"

சின்னண்ணிக்கு ஒன்பது வருஷமும் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அவருக்கு இருட்டுல கண்ணு தெரியாது!" என்று கத்தினாள். "போதுமா? ஒன்பது வருஷமா தெரியாது! நான் இழுத்துக்கிட்டுப் போகலைன்னா அதோ அந்தப் பள்ளத்துல கிடப்பாரு உங்க அண்ணன்!"

சொன்ன மறுவிநாடியே வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டியதை அள்ள முடியுமா? பையின் வாரில் இருந்த இழுப்பு தளர்ந்தது; அவர் கையை எடுத்துவிட்டார். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. எத்தனையோ பேச்சைப் பொறுத்தவள், இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? வாக்குக் கொடுத்த படிக்கட்டு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகை முட்டியது.

நாத்தனார் கையில் ஷூவோடு அப்படியே இருந்தாள். பின்னால் டிரில் மாஸ்டர் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். வரப்போகிறது கிண்டல் என்று சின்னண்ணி காத்திருந்தாள். வந்தது பெரியண்ணியின் குரல்தான்.

"இவருக்கும்தான்" என்றாள்.

"ஏய்!" என்றார் டிரில் மாஸ்டர்.

"என்ன ஏய்? அவ சொல்லிட்டா, நானும் சொல்லிட்டேன். இவருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷமா. தம்பிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு."

சின்னண்ணி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பெரியண்ணியின் தோள்பை வாரும் பின்பக்கம் நீண்டிருந்தது. அதன் மறுமுனை டிரில் மாஸ்டர் கையில் இருந்தது. விசிலும் கையுமாக முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற மனிதர், வாரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, மனைவிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

அந்த முணுமுணுப்பு கிண்டலில்லை. அங்கேயும் அதே படி, அதே கல்.

"அண்ணா?" என்றார் டைல்ஸ்காரர். "உங்களுக்குமா?"

"டாக்டர் கேட்டாருடா, வீட்டுல வேற யாருக்காவது இருக்கான்னு" என்றார் டிரில் மாஸ்டர், பாறையைப் பார்த்துக்கொண்டு. "யாருக்கும் இல்லை, என் தம்பி நூல் பிடிச்ச மாதிரி டைல்ஸ் போடுறவன்னு சொல்லிட்டு வந்தேன்."

நாத்தனார் மெதுவாகப் பேசினாள். "அப்பாவும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல வாசலைத் தாண்டினதே இல்லை. நாம அதைக் கண்டிப்புன்னு நினைச்சோம், இல்லையா?"

டைல்ஸ்காரரின் கை மெல்லத் தேடி வந்து மறுபடியும் பையின் வாரைப் பிடித்தது. சின்னண்ணிக்கு அந்த இழுப்பு தெரிந்ததும் போன உயிர் திரும்பி வந்தது. கோபமில்லை. அவருக்குக் கோபமில்லை.

ஆனால் பயம் அங்கேயேதான் இருந்தது. ஒரு கண் தெரியாதவருக்குப் பதில் இப்போது இரண்டு பேர். "அக்கா, அப்புறம் பேசிக்கலாம். இருட்டுறதுக்குள்ள இந்தக் கயித்துப் பாதையைத் தாண்டணும். மணி நாலு அம்பத்தஞ்சு. நாலே முக்காலுக்கே..."

"நானும் அதைத்தானே யோசிக்கிறேன்" என்றாள் பெரியண்ணி. "நீ நாலே முக்கால்னு போட்டதும் எனக்குத் திக்குன்னுச்சு. இவ மரநிழலையெல்லாம் யோசிச்சுக் கணக்குப் போட்டிருக்கா போலிருக்குன்னு, நான் இன்னும் அரைமணி நேரம் குறைச்சு நாலேகால்னு போட்டேன்."

"நான் எங்க யோசிச்சேன்? நீங்க அஞ்சரைன்னு சொன்னீங்க. அதுல முக்கால் மணி நேரம் கையோட விட்டுட்டேன், தையலுக்கு விடற மாதிரி."

பெரியண்ணி அவளைப் பார்த்தாள். "நானும் விட்டுத்தான் சொன்னேன்."

"எதை?"

"முக்கால் மணி நேரத்தை. டிரைவருங்ககிட்ட எப்பவும் புறப்படற நேரத்தை முன்னாடியே வச்சுத்தான் சொல்லுவேன், இல்லைன்னா ஒருத்தனும் வரமாட்டான். அதே பழக்கத்துல உன்கிட்டயும்..."

"அப்ப நிஜமா எத்தனை மணிக்குத்தான் மறையுது?"

"ஆறேகால். டெப்போ பலகையிலயே எழுதியிருக்கு."

"ஆறேகாலா?"

"ஆறேகால்."

"பாவிங்களா!" என்று நாத்தனார் கூவினாள். "ஒருத்தியும் தலையைத் தூக்கி மேல பார்க்கலையா?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மரங்களின் இடைவெளியில் வானம் பட்டப்பகல் மாதிரி நீலமாக இருந்தது. எதிர்ப்பக்கத்து மலையில் வெயில் முழுசாக அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வெள்ளாடு மேய்வதுகூடத் தெரிந்தது. இருட்டவில்லை. முகட்டின் நிழல் மட்டும்தான் இவர்கள்மேல் விழுந்திருந்தது. சின்னண்ணியின் ஆறு விரலும் பொய் சொல்லவில்லை. அவள் அளந்தது முகட்டுவரைக்கும்தான். நாலேகாலுக்குச் சூரியன் அந்த முகட்டைத் தாண்டியபோது இன்னும் இரண்டு மணி நேரப் பகல் மிச்சம் இருந்தது.

பெரியண்ணிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பாறையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சின்னண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது எது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆறுக்கு விடியுது, நீங்க போட்டது ஏழரை. காலையில ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்" என்று நாத்தனார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து பொழுதையே தையலுக்கு விட்டுட்டீங்களே!"

கயிற்றுப் பாதையை நிதானமாகத் தாண்டினார்கள். இந்தத் தடவை முணுமுணுக்க வேண்டியிருக்கவில்லை. "படி!" என்று சின்னண்ணி உரக்கச் சொன்னாள். "படி!" என்று பின்னால் பெரியண்ணி சொன்னாள். டிரில் மாஸ்டர் பழக்கதோஷத்தில் "ஒன், டூ" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு பாதை மலையின் விலாவைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. திரும்பியதும் சூரியன், மறைந்துபோனதாக எல்லோரும் பயந்துகொண்டிருந்த அதே சூரியன், நேராக முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சின்னண்ணி கையை நீட்டினாள். இந்தப் பக்கம் முகடு கிடையாது. கீழே சமவெளி, அதன் கோடியில் அடிவானம்.

"நாலு விரல்" என்றாள். "ஒரு மணி நேரம் முழுசா இருக்கு."

"அதுல எவ்வளவு கழிக்கணும்?" என்று கேட்டார் கணவர்.

"ஒண்ணும் கழிக்க வேண்டாம்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்தாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீ சொல்லிட்டது நல்லதாப் போச்சு. நானே சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். தைரியம் வரலை." அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதும். ஒன்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை இறக்கி வைத்ததுபோல் தோளெல்லாம் லேசாக இருந்தது.

மலையின் மேற்கு அடிவாரத்தில் வேன் நின்ற இடத்துக்கு ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். யாரும் ஏறவில்லை. சாலையை ஒட்டிய மேட்டில், புல்லில், ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்கு அவள் கேட்ட அஸ்தமனம் கிடைத்தது. சூரியன் ஆறேகாலுக்கு, டெப்போ பலகையில் எழுதியிருந்தபடியே, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல் இறங்கியது. நாத்தனார் அதைப் படம் எடுக்க மறந்துபோய், சின்னண்ணியின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க அண்ணி" என்றாள். "போடி" என்றாள் சின்னண்ணி. இத்தனை வருஷத்தில் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்தது. புல் கறுத்தது, சாலை கறுத்தது, வேனின் வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் மங்கலாக நின்றது. சின்னண்ணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"டேய்" என்றார் டிரில் மாஸ்டர். "வேன் எந்தப் பக்கம் நிக்குது?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் டைல்ஸ்காரர். "உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலை."

"எனக்கும்தான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் முகம் தெரியாமல், கையால் தேடி, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். சின்ன வயதில் இவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள் போலிருக்கிறது என்று சின்னண்ணிக்குத் தோன்றியது. அவள் எழுந்து, வழக்கம்போல் பையின் வாரைப் பின்பக்கம் நீட்டினாள்.

"அண்ணிங்களா, நீங்க ரெண்டு பேரும் சும்மா வாங்க" என்று நாத்தனார் முன்னால் வந்து நின்றாள், ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். "இன்னிக்கு என் முறை. அண்ணாங்களா, ஆளுக்கொரு தோளைப் பிடிச்சுக்குங்க." இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் இரண்டடி வைத்தாள். "படி. ஐயோ, படி இல்லை, கல்லு. கல்லும் இல்லை, என் ஷூ!"

"நல்லா வழிகாட்டுற போ" என்றார் டிரில் மாஸ்டர்.

அந்த மூன்று பேர் ரயில் தடுமாறிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் வேனை நோக்கிப் போயிற்று. அண்ணிகள் இருவரும் பின்னால் நடந்தார்கள். சின்னண்ணிக்குத் தன் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த நேரத்தில் அவை வெறுமனே இருந்து ஒன்பது வருஷமாகிறது. பக்கத்தில் பெரியண்ணியும் தன் கைகளை ஒருமுறை முன்னால் கட்டி, பின்னால் கட்டி, பிறகு விட்டுவிட்டாள். சின்னண்ணி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இருட்டில் வேன் வரைக்கும் கை வீசிக்கொண்டு நடந்தாள்.